ஆன்டிபயாட்டிக்கை நானோ கூட்டில் அடைப்பது: கணக்கும் கைப்பக்குவமும்

தொற்று இருக்கும் இடத்துக்குப் போய்த் திறந்து மருந்தைக் கொட்டும் நானோ கூடு பற்றிய ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. முதல் பக்கப் படமும் பெரும்பாலும் ஒன்றுதான்: நீல உருண்டை ஒன்று சிவப்புப் பாக்டீரியாவை நெருங்கும், அமிலம் பட்டதும் உடையும். படத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு எண்ணைத் தேடுங்கள். துகளின் மொத்த எடையில் மருந்து எத்தனை சதவீதம்? அந்த எண் கட்டுரையில் இல்லையென்றால் மீதியை அவசரமில்லாமல் படிக்கலாம்.

ஏன் என்பதற்கு வான்கோமைசினை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது வழக்கமான அளவு. 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 2.1 கிராம் ஆகிறது. துகளில் 5 சதவீதம்தான் மருந்து என்றால், அந்த 2.1 கிராமைச் சுமக்க 42 கிராம் துகளை தினமும் ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும். 14 நாளுக்கு அரைக் கிலோவைத் தாண்டிவிடும். யாரும் ஏற்றமாட்டார்கள். புற்றுநோய் மருந்துகளில் இந்தச் சிக்கல் எழவில்லை. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில் என்ற லைப்போசோம் (கொழுப்புப் படலத்தால் ஆன நுண்குமிழி) மருந்தில், சினைப்பைப் புற்றுக்கான அளவு உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம், அதுவும் 4 வாரத்துக்கு ஒரு முறை. அங்கே பழகிய கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்ததில்தான் இந்தத் துறையின் பாதித் தடுமாற்றம் இருக்கிறது.

கூடு தொற்றிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் குறைந்த மருந்தே போதுமே என்று கேட்கலாம். போய்ச் சேர்வதுதான் கடினம். ரத்தக் குழாய் வழியாக ஏற்றிய துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலில் அந்நியப் பொருள்களை விழுங்கும் குப்ஃபர் செல்களும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். புற்றுக் கட்டிகளைப் பற்றிய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், ஏற்றிய துகளில் கட்டிக்குள் போனதன் இடைநிலை அளவு 0.7 சதவீதம். தொற்று உள்ள இடத்தில் அழற்சியால் ரத்தக் குழாய்கள் கசிவதால் நிலைமை சற்று மேலாக இருக்கலாம், ஆனால் 100 மடங்கு மேலாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

ஆகவே இந்த வித்தை எடுபடும் இடங்கள் இரண்டே வகை. ஒன்று, மருந்தை நேராகக் கொண்டு வைக்கக்கூடிய இடம்: நுரையீரல், காயம், பல் இடுக்கு, எலும்புக் குழி, சிறுநீர் வடிகுழாயின் மேற்பரப்பு. இன்னொன்று, துகளை விழுங்குகிற செல்லே நோய்க்கிருமியின் வீடாக இருக்கும் தொற்று. கிருமிகளை விழுங்கும் காவல் செல்லான மேக்ரோஃபேஜுக்குள் ஒளிந்திருக்கும் சால்மோனெல்லா, லிஸ்டீரியா, புரூசெல்லா, மைக்கோபாக்டீரியம் ஆகியவை இதில் சேரும். கல்லீரலும் மண்ணீரலும் துகளைப் பிடித்துக்கொள்வது இங்கே நமக்கு லாபம்.

முதல் வகைக்கு நல்ல சாட்சி அரிகேஸ். அமிகாசினை டிபிபிசி, கொலஸ்ட்ரால் என்ற இரண்டே கொழுப்புகளால் ஆன லைப்போசோமில் அடைத்து, நெபுலைசரில் மூச்சு வழியாக இழுக்கும் மருந்து. மற்ற சிகிச்சைக்கு மசியாத மைக்கோபாக்டீரியம் ஏவியம் நுரையீரல் நோய்க்காக 2018 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. துகள் சுமார் 300 நானோமீட்டர். ஒரு குப்பியில் 8.4 மில்லிலிட்டர், அதில் 590 மில்லிகிராம் அமிகாசின். இந்த அளவு மருந்தை ஒரு நாளில் நுரையீரலுக்குள் கொண்டுபோக முடிகிறதென்றால், கூட்டுக்குள் மருந்து நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது என்று பொருள். அங்கே கொழுப்பின் எடை மருந்தின் எடையைவிடக் குறைவு. நெபுலைசரின் அதிர்வில் கூட்டின் ஒரு பகுதி உடையும், சுமார் 70 சதவீத அமிகாசின் உள்ளேயே தங்கும். வழக்கமான மருந்துகளோடு இதையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 6 மாதத்துக்குள் சளியில் கிருமி மறைந்தவர்கள் 29.0 சதவீதம், சேர்க்காதவர்களில் 8.9 சதவீதம். குரல் கம்முவது அடிக்கடி வரும் பக்கவிளைவு.

இந்த எளிய லைப்போசோமுக்கு யாரும் திட்டமிட்டுத் தூண்டல் எதையும், அதாவது குறித்த இடத்தில் கூட்டைத் திறக்க வைக்கும் ஏற்பாட்டை, பொருத்தவில்லை. ஆனால் சூடோமோனாஸ் பாக்டீரியா சுரக்கும் ராம்னோலிப்பிட் என்ற சோப்புத்தன்மையுள்ள பொருள் பட்டால் இதே கூடு கசிந்து மருந்தை விடுகிறது என்று 2008-இல் காட்டினார்கள். கிருமியே கூட்டைத் திறக்கிறது. அலங்காரமான பாலிமர் எதுவும் இல்லாமலேயே!

அமிலம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

தூண்டல்களில் எல்லாரும் முதலில் கை வைப்பது அமில-கார அளவான பிஎச் மீதுதான். ரத்தம் 7.4, தொற்றிடம் அமிலம், கதை முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். நிஜத்தில் ஒவ்வோர் இடமும் ஒரு மாதிரி. சீழ்க் கட்டிக்குள் 6-க்கு அருகில் இறங்கும். சர்க்கரை கிடைத்த பல் படலத்தில் 5-க்கும் கீழே போகும். மேக்ரோஃபேஜ் விழுங்கியதைச் செரிக்கும் பையான ஃபேகோலைசோசோமில் 4.5 முதல் 5.5 வரை. ஆனால் நாள்பட்ட காயங்கள் பெரும்பாலும் காரத்தன்மை உடையவை, 7-க்கு மேல் 8-ஐயும் தாண்டிப் போவதுண்டு. வடிகுழாயில் புரோட்டியஸ் மிராபிலிஸ் குடியேறினால் அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கி, சிறுநீரை 8-க்கு மேல் ஏற்றிவிடும். அந்த இரண்டு இடங்களுக்கும் அமிலத்தில் திறக்கும் கூட்டை எடுத்துப் போவது வெயிலில் குடைக்குப் பதில் ரெயின்கோட் எடுத்துப் போவது மாதிரி. வடிகுழாய்க்கு 7-க்கு மேல் கரையும் யூட்ராஜிட் எஸ் போன்ற பாலிமர்தான் பொருத்தம்.

கிருமிகள் பசைக்குள் கூட்டமாக வாழும் படலமான பயோஃபிலிமின் பிஎச் என்று ஒற்றை எண்ணாகச் சொல்வதும் ஏமாற்றும். மேலே திரவம் ஓடிக்கொண்டிருந்தால் படலத்தின் வெளிப்பகுதி நடுநிலைக்கு அருகில்தான் இருக்கும். அமிலம் உள்ளே, செல்கள் நெருக்கமாகக் குவிந்த பைகளில் மட்டும். ஆக, கூடு முதலில் படலத்துக்குள் நுழைய வேண்டும், பிறகுதான் திறக்கும். 100 நானோமீட்டருக்கும் கீழ் உள்ள துகள்கள் ஓரளவு ஊடுருவும், அதற்கு மேல் போகப் போகச் சிரமம். படலத்தின் பசையும் அதில் கலந்துகிடக்கும் டிஎன்ஏவும் எதிர்மின் சுமை கொண்டவை. நேர்மின் துகள் நன்றாக ஒட்டும், ஆனால் முதல் சில மைக்ரோமீட்டரிலேயே ஒட்டி நின்றுவிடும். சுமையில்லாமல் நுழைந்து உள்ளே போனபின் நேர்மின் ஆகும் துகள்கள் இதற்காகவே உருவானவை. பாலிஹிஸ்டிடினைச் சேர்த்த பிஎல்ஜிஏ-பெக் பாலிமர் துகளில் வான்கோமைசினை அடைத்து 2012-இல் காட்டிய வழி அது: ஹிஸ்டிடினின் இமிடசோல் வளையம் பிஎச் 6 பக்கம் வந்ததும் புரோட்டானை ஏற்றுத் துகளின் மேற்பரப்பை நேர்மின் ஆக்கும்.

இனி, பல வடிவமைப்புகளைச் சத்தமில்லாமல் கவிழ்க்கும் விஷயம். அமிலத்தில் மருந்தை விடும் கூட்டைக் கட்டுகிறோம். அதே அமிலத்தில் அந்த மருந்து வேலை செய்யுமா? ஜென்டமைசின், அமிகாசின் போன்ற அமினோகிளைகோசைடுகள் பாக்டீரியாவின் சவ்வுக்குக் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தைப் பயன்படுத்தித்தான் உள்ளே போகின்றன. அமிலத்திலும் ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் அவற்றின் வீரியம் பல மடங்கு சரியும். சிப்ரோஃப்ளாக்சசினும் அமிலத்தில் மங்கும், அசித்ரோமைசின் இன்னும் மோசம். ரிஃபாம்பிசின் தாக்குப்பிடிக்கும். 2017-இல் வந்த டெலாஃப்ளாக்சசின் இதற்கு நேர்மாறாக அமிலத்தில் இன்னும் கூர்மையாகும். பொருளை வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: கூடு எதுவும் இல்லாமல், வெறும் மருந்தின் எம்ஐசியை, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவை, 7.4-லிலும் 5.5-லிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டு நாள் வேலை. ஒரு வருட வேலையைக் காப்பாற்றும்.

மற்றத் தூண்டல்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஸ்டேஃபிலோகாக்கஸும் சூடோமோனாஸும் லைபேஸ் நொதியைச் சுரக்கும், அது பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமரைக் கடிக்கும். நம் உடலிலும் லைபேஸ் உண்டு என்பதுதான் இடைஞ்சல். மருந்தை உடைத்து எதிர்ப்பைத் தரும் பீட்டா-லாக்டமேஸ் நொதியையே சாவியாக வைத்துக் கூட்டைத் திறக்கும் வடிவமைப்புகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது 2011-இல் வந்தது: கைட்டோசான் பூசிய தங்கத் துகள்களை லைப்போசோமின் மேல் ஒட்டிவைத்தால் லைப்போசோம்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் சுரக்கும் ஆல்ஃபா நச்சு, செல் என்று நினைத்து அந்தச் சவ்வில் ஓட்டை போடும். ஓட்டை வழியாக வான்கோமைசின் வெளியே வரும். நச்சு சுரக்காத திரிபு என்றால் கூடு திறக்காது, அந்தக் குறையும் அதில் அடக்கம். வெப்பத்தால் திறப்பது எளிது, டிபிபிசியின் சவ்வு 41 டிகிரியில் இளகும். ஆனால் காய்ச்சலில் இருக்கும் நோயாளிக்கு உடம்பு முழுக்க அந்த வெப்பம் நெருங்கிவிடும் என்பதை மறக்கக்கூடாது.

ஒரு கூட்டைக் கட்டிப் பார்ப்போம்

செல்லுக்குள் ஒளியும் லிஸ்டீரியாவை மனத்தில் வைத்து, ஜென்டமைசினை அமிலத்தில் திறக்கும் லைப்போசோமில் அடைப்போம். ஜென்டமைசின் அமிலத்தில் மங்கும் என்று இப்போதுதான் சொன்னேன். இங்கே அது தடையில்லை. இந்தக் கூடு அமிலப் பையின் சவ்வோடு ஒன்றிக் கலந்து மருந்தை சைட்டோபிளாசத்துக்குள் தள்ளும். அங்கே பிஎச் 7-க்கு மேல், லிஸ்டீரியாவும் பையிலிருந்து தப்பி அங்கேதான் வந்து பெருகும். பைக்குள்ளேயே தங்கும் சால்மோனெல்லாவுக்கு இதே தர்க்கம் அவ்வளவு நேராகப் பொருந்தாது.

கொழுப்புகள் இரண்டு: டிஓபிஇ, கெம்ஸ். மோல் கணக்கில் 6-க்கு 4. டிஓபிஇயின் தலை சிறியது, வால் அகன்றது. தனியாக விட்டால் அறை வெப்பத்தில் இரட்டைப் படலம் ஆகாது, அறுகோணக் குழாய்களாகச் சுருண்டுகொள்ளும். நடுவில் கெம்ஸின் எதிர்மின் சுமை புகுந்து விலக்கிவைப்பதால்தான் படலம் நிற்கிறது. அமிலம் பட்டு கெம்ஸ் சுமையை இழந்ததும் டிஓபிஇ பழைய புத்திக்குத் திரும்பும். திறப்பின் மொத்த இயந்திரமும் இவ்வளவுதான்.

மொத்தம் 50 மைக்ரோமோல் கொழுப்புக்கு டிஓபிஇ 22.3 மில்லிகிராம், கெம்ஸ் 9.7 மில்லிகிராம். குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டைக் குடுவையில் சுழற்றி ஆவியாக்கி மெல்லிய படலமாக்கி, வெற்றிடத்தில் குறைந்தது 2 மணி நேரம் உலர்த்த வேண்டும். டிஓபிஇயில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் காற்றில் கெடும். ஆர்கானை ஊதி மூடுங்கள், கரைசலில் உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் ஈடிடிஏ கொஞ்சம் இருக்கட்டும்.

பிறகு 2 மில்லிலிட்டர் ஜென்டமைசின் சல்பேட் கரைசல், மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம், பிஎச் 8. முதல் பள்ளம் இங்கே. ஜென்டமைசின் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்தால் கரைசல் தானாகவே அமிலமாக இருக்கும், 3.5 முதல் 5.5 வரை. அதை அப்படியே படலத்தின் மேல் ஊற்றினால் லைப்போசோம் உருவாகவே உருவாகாது, வெள்ளைக் கட்டிகளாக மிதக்கும். சோடியம் ஹைட்ராக்சைடை விட்டு 8-க்குக் கொண்டுவர வேண்டும். ஜென்டமைசினின் அமின் தொகுதிகள் காரத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் நினைத்ததைவிட நிறையச் செலவாகும்.

இரண்டாவது பள்ளம் மருந்தில்லாத ஒப்பீட்டுக் கூட்டில் வரும். 20 மைக்ரோமோல் கெம்ஸ் 2 மில்லிலிட்டரில் கரைந்தால் அது 10 மில்லிமோலார் அமிலத்தைக் கொட்டுவதற்குச் சமம். மருந்துள்ள கூட்டில் ஜென்டமைசினே அதைத் தாங்கிக்கொள்ளும். வெறும் கூட்டில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் பஃபரான ஹெப்பிஸ் 20 மில்லிமோலார் மட்டும் இருந்தால், 8-இல் தொடங்கிய பிஎச் 7.0-க்கு இறங்கிவிடும். கெம்ஸின் சுமை ஓரளவு குறையும், துகள் பெரிதாகும், ஒப்பீடே செல்லாது. ஹெப்பிஸை 50 மில்லிமோலாராக உயர்த்தினால் 7.6-இல் நிற்கும். கடைசியில் பிஎச் மீட்டரை ஒரு முறை நனைத்துப் பார்க்கச் சோம்பல்படாதீர்கள்.

ஊறிய படலத்தைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து உருக்குவதை 5 முறை செய்து, 200 நானோமீட்டர் பாலிகார்பனேட் சவ்வு வழியாகவும் அடுத்து 100 நானோமீட்டர் சவ்வு வழியாகவும் தள்ள வேண்டும். 100-இல் 11 முறை. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் கடைசியில் துகள்கள் எதிர்ப்பக்க ஊசிக்கு வந்து சேரும், சவ்வைத் தாண்டாத கட்டிகள் பின்னால் தங்கும். அளவிடும்போது சிதறலொளி முறையில் பரவல் குறியீடு, அதாவது துகள்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகிறது என்ற எண், 0.2-க்குக் கீழ் இருக்க வேண்டும். அந்தக் கருவி சிதறும் ஒளியைக் கணக்கிடுகிறது. ஒளியோ விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 10 மடங்கு பெரிய ஒரே ஒரு துகள் 10 லட்சம் சிறு துகளின் குரலை அமுக்கிவிடும். மேலே பெரிய முகடு தெரிந்தால் அது தூசியாகவும் இருக்கலாம், வடிகட்டிய கரைசலில் மறுபடி பாருங்கள்.

எவ்வளவு மருந்து உள்ளே போயிருக்கும்? 100 நானோமீட்டர் ஒற்றைச் சுவர் லைப்போசோம், ஒரு மைக்ரோமோல் கொழுப்புக்கு 1 முதல் 1.5 மைக்ரோலிட்டர் திரவத்தைத்தான் பிடிக்கும். 1.3 என்று வைத்தால் 50 மைக்ரோமோலுக்கு 65 மைக்ரோலிட்டர். அதில் 3.25 மில்லிகிராம் மருந்து. நாம் ஊற்றியது 100 மில்லிகிராம். 96 மில்லிகிராமுக்கு மேல் வெளியேதான் நிற்கிறது. எடைக் கணக்கில் ஏற்றம் சுமார் 9 சதவீதம். யாராவது இதே முறையில் 60 சதவீதம் அடைத்தேன் என்றால், அவர் அளந்தது கூட்டுக்குள் இருந்த மருந்தை அல்ல, கூட்டின் மேல் ஒட்டியிருந்ததை. நேர்மின் ஜென்டமைசின் எதிர்மின் கெம்ஸின் மேல் ஒட்டும் என்பதால் இந்த மயக்கம் சுலபமாக வரும். செஃபடெக்ஸ் ஜி-50 ஜெல் தூணில் கூட்டையும் வெளி மருந்தையும் பிரிக்கும்போது ஓடும் கரைசலில் 150 மில்லிமோலார் உப்பு இருக்கட்டும், ஒட்டியது பெரும்பாலும் கழன்றுவிடும். ஆனால் வெளிக் கரைசலின் சவ்வூடு அழுத்தம் உள்ளே இருப்பதற்கு இணையாக இருக்க வேண்டும், ஆஸ்மோமீட்டரில் பார்த்துச் சரிசெய்யுங்கள். வெளியே நீர்த்துப் போனால் கூடு ஊதிக் கசியும்.

அளப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. ஜென்டமைசின் புற ஊதா ஒளியை உருப்படியாக உறிஞ்சாது. அதனால் பலரும் முதன்மை அமினோடு வினைபுரிந்து ஒளிரும் ஆர்த்தோ-தாலால்டிஹைடைப் பயன்படுத்துவார்கள். டிஓபிஇயின் தலையிலும் முதன்மை அமின்தான் இருக்கிறது! கூட்டை ட்ரைட்டான் என்ற சோப்புத்தன்மையுள்ள பொருளால் உடைத்து நேராக அளந்தால் கொழுப்பும் சேர்ந்து ஒளிர்ந்து, மருந்து அளவு தாறுமாறாக ஏறித் தெரியும். குளோரோஃபார்ம்-மெத்தனாலால் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்ப்பகுதியில் மட்டும் அளக்க வேண்டும், அல்லது நிறை நிறமாலைமானியோடு சேர்ந்த திரவ வண்ணப்படிவு முறைக்குப் போக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசினிலும் வான்கோமைசினிலும் இந்தத் தலைவலி இல்லை, இரண்டும் 280 நானோமீட்டர் பக்கம் நன்றாகவே உறிஞ்சும்.

திறக்கிறதா என்று பார்க்கப் பலர் கால்சீன் என்ற ஒளிரும் சாயத்தை அடைத்துச் சோதிப்பார்கள். அமிலத்தில் கால்சீனின் ஒளிர்வே மாறும், அதனால் வளைவு பொய் சொல்லும். அன்ட்ஸ், டிபிஎக்ஸ் என்ற ஜோடி பிஎச் மாற்றத்துக்கு அவ்வளவாக அசையாது: 12.5 மில்லிமோலாரும் 45 மில்லிமோலாரும் சேர்த்து அடைத்தால் உள்ளே டிபிஎக்ஸ் அன்ட்ஸின் ஒளிர்வை அணைத்து இருட்டாக வைக்கும், வெளியே வந்ததும் அன்ட்ஸ் ஒளிரும். 7.4, 6.5, 6.0, 5.5, 5.0 என ஐந்து புள்ளிகளிலும் ஓட்டுங்கள். 7.4-ஐயும் 5.0-ஐயும் மட்டும் காட்டுபவர் நடுவில் எதையோ மறைக்கிறார். 10 சதவீதம் சீரம் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். டிஓபிஇ-கெம்ஸ் கூடு சீரத்தில் தன் அமிலக் கூச்சத்தில் ஒரு பகுதியை இழக்கும். சில மோல் சதவீதம் பெக் என்ற பாலிமரைச் சேர்த்தால் ரத்தத்தில் நீடிக்கும், ஆனால் சோதனைக் குழாயில் பார்க்கும்போது திறப்பு மழுங்கியிருக்கும். செல்லுக்குள் அது அவ்வளவு மழுங்குவதில்லை என்பதால், இந்த இடத்தில் மட்டும் குழாயின் தீர்ப்பை இறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டயாலிசிஸ் பையில் வெளியேற்றத்தை அளப்பவர்களுக்கு ஒரு வரி: பையே ஒரு தடுப்பு. வெறும் மருந்தை அதே பையில் போட்டு வளைவு எடுங்கள். அதுவும் 4 மணி நேரம் எடுத்துக்கொண்டால், கூட்டின் மெதுவான வெளியேற்றம் என்று நீங்கள் வரைந்த 6 மணி நேர வளைவில் பெரும்பகுதி பையினுடையது.

கிருமியிடம் கேட்கும்போது

எம்ஐசியில் கூடும் வெறும் மருந்தும் ஒரே எண்ணைக் கொடுத்தால் மகிழ வேண்டாம். 18 மணி நேர அடைகாப்பில் எல்லாம் கசிந்து வெளியே வந்துவிட்டது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். கலங்கலைக் கருவியால் அளந்தால் துகளின் கலங்கலும் வளர்ச்சியாகத் தெரியும், ஆகவே ரெசசூரின் நிறமாற்றத்தையோ தட்டில் எண்ணுவதையோ நம்புங்கள். தொடக்கத்தில் மில்லிலிட்டருக்கு 5 லட்சம் கிருமி என்ற அளவை விட்டு விலகாதீர்கள். அமினோகிளைகோசைடை சூடோமோனாஸ் மேல் சோதிக்கும்போது வளர்ப்புக் கரைசலின் கால்சியமும் மக்னீசியமும் முடிவையே மாற்றும், ஆகவே கூட்டைக் கரைத்த கரைசலில் ஈடிடிஏ மிச்சமிருந்தால் அது தனியாக வேலை காட்டும்.

பயோஃபிலிமில் கிறிஸ்டல் வயலட் சாயம் படலத்தின் பருமனைச் சொல்லும், உயிரைச் சொல்லாது. செத்த படலமும் நீலமாகவே நிற்கும். எண்ணித்தான் பார்க்க வேண்டும். எண்ணும்போது படலத்தில் ஒட்டிய துகள்கள் அகார் தட்டுக்கும் கூடவே வந்து, அங்கே மருந்தை விட்டுக் கிருமியைக் கொல்லும். முதல் நீர்ப்பில் ஒன்றும் முளைக்காமல் மூன்றாவது நீர்ப்பில் கிருமி முளைத்தால் திருடன் இதுதான்.

செல்லுக்குள் இருக்கும் லிஸ்டீரியாவைச் சோதிப்பதில் வேடிக்கையான சிக்கல் வருகிறது. செல்லுக்கு வெளியே மிஞ்சிய கிருமியைக் கொல்ல எல்லாரும் ஊற்றுவது ஜென்டமைசினைத்தான். அது செல்லுக்குள் எளிதில் போகாது என்பதே அந்த முறையின் அடிப்படை. நம் மருந்தும் அதுவே. ஆகவே எல்லாக் குழிகளிலும் வெளியே இருக்கும் ஜென்டமைசின் ஒரே அளவாக இருக்க வேண்டும், கூட்டிலிருந்து கசிந்ததையும் சேர்த்து. பல மணி நேரம் விட்டால் வெறும் ஜென்டமைசினும் மெல்ல உள்ளே ஊறும், ஆகவே நேரத்தைக் குறுக்குங்கள்.

ஒப்பீட்டுக் குழிகளில் வெறும் மருந்து, வெறும் கூடு, வெறும் கூட்டோடு தனியாகக் கலந்த மருந்து ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. மறப்பது நான்காவது: அதே மருந்து, அதே அளவு, ஆனால் திறக்கத் தெரியாத கூடு. டிஓபிஇக்குப் பதில் அமிலத்திலும் படலமாகவே நிற்கும் டிஓபிசி என்ற கொழுப்பைப் போட்டால் அது கிடைத்துவிடும். அதைவிட நம் கூடு தெளிவாக மேலாக இல்லையென்றால், கிடைத்த பலன் அடைத்து அனுப்பியதால் வந்தது. தூண்டலுக்கு அதில் பங்கில்லை.

எந்த மருந்துக்கு எந்த வேகம் என்பதையும் பார்க்க வேண்டும். அமினோகிளைகோசைடு உச்சச் செறிவால் கொல்லும், எம்ஐசியைப் போல 8 முதல் 10 மடங்கு உச்சம் தேவை, ஆகவே சட்டென்று திறக்கும் கூடு நல்லது. பீட்டா-லாக்டம் எம்ஐசிக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதால் கொல்லும், மெதுவாக விடலாம். ஆனால் மெரோபெனம் 37 டிகிரித் தண்ணீரில் தானே உடையும், அதை ஒரு வாரம் விடும் துகளில் அடைப்பது வீண். எல்லாத் துகள்களிலும் வெளியேற்றத்துக்கு ஒரு வால் உண்டு: முதல் நாள் பெரும்பங்கு வந்தபின் பல நாள் சொட்டுச் சொட்டாக வரும். அந்தச் சொட்டுகள் எம்ஐசிக்குக் கீழே நின்றால் எதிர்ப்புத் திரிபுகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். கட்டுரைகளில் அந்த வால் பெரும்பாலும் வரைபடத்தின் விளிம்புக்கு வெளியே விழுந்துவிடுகிறது.

9 சதவீத ஏற்றம் போதாது என்பவர்களுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் வேறு வழி தருகிறது. ஹெச்எஸ்பிசி, கொலஸ்ட்ரால் என்ற கொழுப்புகளால் ஆன கூட்டுக்குள் 250 மில்லிமோலார் அம்மோனியம் சல்பேட்டை முதலில் அடைத்து, வெளியே உள்ளதை டயாலிசிஸ் மூலம் நீக்கி, 60 டிகிரியில் மருந்தைச் சேர்த்தால் அம்மோனியா வெளியேற வெளியேற மருந்து தானாகவே உள்ளே ஏறும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளே. இதே முறையில் ஏறும் டாக்சோரூபிசின் உள்ளே படிகமாகித் தங்கிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் படிகமாவதில்லை, 300 மில்லிமோலார் வரை கரைந்தே கிடக்கும் என்பதால் கசிவும் வேகம். இந்த மருந்தின் லைப்போசோம் வடிவம் மூச்சுவழி மருந்தாகப் பெரிய சோதனைகள் வரை போனது. ஆர்பிட்-3, ஆர்பிட்-4 என்று இரட்டைச் சோதனைகள். ஒன்றில் இலக்கு எட்டியது, மற்றதில் எட்டவில்லை. 2018 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தரவில்லை.

கிருமிநீக்கத்தில் தேர்வு குறைவு. ஆட்டோகிளேவின் வெப்பம் இந்தக் கூட்டைக் குலைக்கும், காமாக் கதிர் பிஎல்ஜிஏயின் சங்கிலியை வெட்டும். 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டி மட்டுமே மிச்சம், அதுவும் துகள் 200 நானோமீட்டருக்குள் இருந்தால். வடிகட்டியபின் மருந்தை மறுபடி அளங்கள், ஒரு பங்கு வடிகட்டியிலேயே தங்கியிருக்கும்.

சேமிக்க உறைய வைத்து உலர்த்துபவர்கள் 5 முதல் 10 சதவீதம் சுக்ரோஸ் அல்லது ட்ரெஹலோஸ் சேர்ப்பார்கள், இல்லையென்றால் துகள்கள் ஒன்றாக உருகிப்போகும். சர்க்கரையை மறக்காதவர்கள்கூட பஃபரில் கோட்டை விடுகிறார்கள். சோடியம் பாஸ்பேட் உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும், மிச்சக் கரைசலின் பிஎச் 3 அலகு வரை சரியும். 7.4-இல் வைத்த குப்பி உறைபெட்டிக்குள் 4-ஐ நெருங்கும், அமிலத்தில் திறக்கும் கூடு அங்கேயே திறந்துவிடும். உருக்கி எடுத்துப் பிஎச் பார்த்தால் மறுபடி 7.4 காட்டும், தடயமே இருக்காது. மேலே சொன்ன 5 முறை உறைய வைத்து உருக்கும் படியிலும் இதே ஆபத்துதான். ஹெப்பிஸையோ ஹிஸ்டிடினையோ பயன்படுத்துங்கள், குப்பியின் மேல் பஃபரின் பெயரையும் எழுதி வையுங்கள்.